ஆதார விலைக்கும் ஏற்றுமதித் தடைக்கும் நடுவே: சாக்கோட்டை வட்டாரத்து நெல் குழு ஒன்றின் மூன்று அறுவடைகள்

இந்த ஆய்வு 2023 தை அறுவடை தொடங்கி 2025 விதைப்பு வரை ஒரு நெல் உழவர் குழு எடுத்த முடிவுகளையும் அவற்றின் விளைவுகளையும் பதிவு செய்கிறது. குழுவின் கணக்கை எழுதிவந்தவன் என்ற முறையில் தீர்மானப் புத்தகம், எடைச் சீட்டுகள், வங்கிப் பற்று வரவு ஆகியவற்றை முன்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஊர், உறுப்பினர்கள், வியாபாரிகள், ஆலை ஆகியவற்றின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். நடந்த பிசகுகளில் என் பங்கும் உண்டு. நான் போட்ட கணக்கை நம்பித்தான் குழு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

பின்னணி

காரைக்குடிக்கு வடகிழக்கே, சாக்கோட்டை ஒன்றியத்தில், ஒரே கண்மாயின் ஆயக்கட்டில் நிலம் வைத்திருக்கும் 41 பேர் 2021இல் இந்தக் குழுவைத் தொடங்கினார்கள். மொத்த நிலம் ஏறத்தாழ 130 ஏக்கர். ஆவணி, புரட்டாசியில் புழுதியில் நேரடியாக விதைப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகினால் தையிலும் மாசியிலும் அறுப்பு, பெருகாவிட்டால் மாட்டுக்கு வைக்கோல் மட்டும் மிஞ்சும். பதினொரு பேரிடம் ஆழ்துளைக் கிணறு இருப்பதால் கடைசி இரண்டு தண்ணீரை அவர்கள் பாய்ச்சிக்கொள்வார்கள். அக்கம்பக்கத்து வயலுக்கும் கொடுப்பார்கள்.

சாகுபடிச் செலவில் அரசு மானியம் தொடாத இடம் குறைவு. யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு, டி.ஏ.பி. 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய். யூரியாவின் விற்பனை விலையை மத்திய அரசே கட்டிவைத்திருக்கிறது. மற்ற உரங்களுக்கு 2010 முதல் ஊட்டச்சத்தின் அளவைக் கணக்கிட்டு மானியம் தருகிறது. இரண்டுக்கும் இடையிலான விலை இடைவெளி அதனால் வந்தது. ஆழ்துளைக் கிணற்றுக்கான மின்சாரம் தமிழ்நாட்டில் 1990 முதல் இலவசம். உழவர்களுக்கான மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாக வருகிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, விளைந்த நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதார விலையும் அதன்மேல் மாநில அரசின் ஊக்கத்தொகையும் உண்டு.

குழு தொடங்குவதற்கு முன், பெரும்பாலான நெல் களத்திலேயே வியாபாரிக்குப் போய்க்கொண்டிருந்தது. வியாபாரி மூட்டைக் கணக்கில் விலை சொல்வார். அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் விலை குவிண்டால் கணக்கில் அறிவிக்கப்பட்டு, 40 கிலோ சிப்பமாக எடை போடப்படும். இரண்டையும் ஒப்பிட ஒரு பெருக்கல் தேவைப்பட்டது. அந்தப் பெருக்கலை யாரும் போடாமல் இருந்ததில் வியாபாரிக்குக் கிடைத்த ஆதாயம் சிறிதல்ல. குழுவின் முதல் உருப்படியான வேலை, பால் சொசைட்டிச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி, எல்லா விலையையும் 40 கிலோவுக்கு மாற்றி எழுதியதுதான்.

2023 தை: இரண்டு விலைகள்

2022-23 பருவத்துக்கு மத்திய அரசின் ஆதார விலை சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,040 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,060 ரூபாய். தமிழ்நாடு அரசு அவற்றின்மேல் முறையே 75 ரூபாயும் 100 ரூபாயும் சேர்த்து 2,115, 2,160 என்று வழங்கியது. எங்கள் நெல் சன்ன ரகம். சிப்பத்துக்கு 864 ரூபாய் என்று பலகையில் எழுதினோம்.

கொள்முதல் நிலையம் திறப்பதற்கு முன் வியாபாரி களத்தில் சொன்ன விலை குவிண்டாலுக்கு 1,850 ரூபாய் அளவில் இருந்தது. நிலையம் திறந்த மூன்றாம் நாள் அதே வியாபாரி 2,020 ரூபாய்க்கு வந்தார். அரசு ஒரு மூட்டைகூட வாங்காத வயலிலும் அரசு அறிவித்த விலை வேலை செய்கிறது என்பதை அன்றைக்கு நாங்கள் கண்ணால் பார்த்தோம். மிச்சமிருந்த 140 ரூபாய் இடைவெளி, நிலையத்தில் படும் சிரமத்துக்கு வியாபாரி போட்டுக்கொண்ட விலை: சிட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலர் சான்று, இணையப் பதிவு, முறை வரும்வரை காவல், அதன்பின் ஈரப்பதம்.

ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. எங்கள் உறுப்பினர் ஒருவரின் நெல்லை எழுத்தர் ஒரு கைப்பிடி அள்ளி மானியில் கொட்டியபோது 18.4 காட்டியது. உறுப்பினருக்கு எழுபது வயது இருக்கும். இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, கல்லு மாதிரி உடையுது, இது காயலேன்னு சொல்லாதீங்க” என்றார். எழுத்தர் மானியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்: “ஐயா, உங்க பல்லுக்கு என்கிட்ட பில் போட இடமில்லையே.” நெல் மறுநாள் மதியம் வரை தார்ச்சாலையில் காய்ந்து 16.8க்கு வந்தது. அந்த ஒரு நாள் காவலையும் அள்ளுகூலியையும் சேர்த்தால், வியாபாரி பிடித்த 140 ரூபாயில் பாதி நியாயம்தான் என்று எனக்குத் தோன்றியது.

மானியங்களின் இன்னொரு விளைவும் அந்த மாதம் தெரிந்தது. மலிவாகக் கிடைக்கும் யூரியாவைக் கூடுதலாகப் போட்ட வயல்களில் பயிர் தழைத்து வளர்ந்து, பால் பிடிக்கும் தருவாயில் சாய்ந்திருந்தது. அந்த நெல்லில் கருக்காயும் முற்றாத மணியும் அதிகம். நிலையத்தில் அதைத் தூற்றிக் கொடுத்தால், தர வரம்புக்குள் இருக்கும்வரை, அதே 2,160 ரூபாய்தான். நன்றாக விளைந்த பக்கத்து வயலுக்கும் அதே விலைதான். ஆதார விலை எடைக்குக் கூலி கொடுக்கிறது. வரம்பைத் தாண்டிய தரத்துக்குத் தனியே எதுவும் கொடுப்பதில்லை. உரத்துக்கான மானியமும் விலைக்கான ஆதரவும் சேர்ந்து உழவனை எடையின் பக்கம் தள்ளுகின்றன. வெளிநாட்டுக்கு அரிசி அனுப்புகிறவர் கேட்பது வேறு.

முதல் முடிவு: இரண்டு கண்டெய்னர்

அந்த மாசியில் உறுப்பினர் ஒருவரின் உறவினர் மூலம் ஓர் ஏற்றுமதியாளர் வந்தார். சிங்கப்பூரில் உள்ள மளிகை மொத்த வியாபாரிக்குப் பச்சரிசி வேண்டும், தூத்துக்குடி வழியாக இரண்டு கண்டெய்னர், ஒவ்வொன்றும் 24 டன், ஆலை வாசலில் கிலோ 44 ரூபாய், முன்பணம் 2 லட்சம் என்றார். உறுப்பினர்களின் நெல்லைக் குழு குவிண்டாலுக்கு 2,200 ரூபாய் கொடுத்து வாங்கினால், 62 விழுக்காடு முழு அரிசி கண்டாலும் கூலி, சாக்கு உட்பட கிலோ 37 ரூபாய்க்குள் அடங்கும் என்று நான் கணக்குப் போட்டேன். கிலோவுக்கு 7 ரூபாய் நிற்கும். 780 குவிண்டாலை ஒதுக்கினோம். வீட்டுக்கும் விதைக்கும் போக மிச்சத்தில் பெரும்பகுதி கொள்முதல் நிலையத்துக்குப் போனது.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஒரு வரி விடுபட்டிருந்தது. 2022 செப்டம்பரிலேயே மத்திய அரசு குருணை ஏற்றுமதியைத் தடை செய்து, பச்சரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி விதித்திருந்தது. அந்த வரி ஏற்றுமதியாளரின் தலையில் விழும் செலவு, நமக்கென்ன என்று விட்டுவிட்டோம். வரி போட்ட கை அடுத்ததாகக் கதவையும் சாத்தும் என்று யோசித்திருக்க வேண்டும்.

முதல் கண்டெய்னர் மே மாதம் போய்ப் பணமும் வந்தது. அதற்கும் ஆலையில் தொண்ணூறு மூட்டை நெல் கழிக்கப்பட்டது. எல்லாம் சாய்ந்த வயல்களின் நெல். இரண்டாவதை ஜூலைக் கடைசிக்குத் தள்ளிவைத்தது குழுவின் சொந்த முடிவு. ஆறு மாதம் பழகிய நெல்லின் அரிசி உதிரியாக வேகும், வாங்குகிறவருக்குப் பிடிக்கும், அடுத்த ஆண்டும் கேட்பார் என்பது நோக்கம். செட்டிநாட்டில் பழைய அரிசியின் அருமை தெரியாதவர் இல்லை. அதனால் கூட்டத்தில் யாரும் மறுத்துப் பேசவில்லை.

ஆடி 4: தடை

2023 ஜூலை 20 அன்று இரவு, பாஸ்மதி அல்லாத பச்சரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதிக்கும் அறிவிப்பு வெளியானது. ஏற்கெனவே ஏற்றத் தொடங்கியிருந்த கப்பலுக்கும், சுங்கத்துறையிடம் ஒப்படைத்திருந்த சரக்குக்கும் விலக்கு இருந்தது. எங்கள் சரக்கில் 14 டன் அரிசியாகப் பக்கத்து ஊரான புதுவயலின் ஆலைக் கிடங்கிலும், மீதி 10 டன்னுக்கான நெல் குழுவின் கொட்டகையிலும் கிடந்தன. தூத்துக்குடி சாலையை அவை பார்க்கவேயில்லை.

தடைக்கு அரசு சொன்ன காரணம் உள்நாட்டு விலை: ஓராண்டில் சில்லறை அரிசி விலை 11.5 விழுக்காடு ஏறியிருந்தது. எல் நினோ ஆண்டு என்பதால் மழை பொய்க்கும் அச்சமும் இருந்தது. உலக அரிசி வணிகத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு இந்தியாவுடையது. அப்படிப்பட்ட நாடு ஒரு கதவை மூடினால் மற்ற நாடுகளில் விலை துள்ளாமல் இருக்காது. தாய்லாந்து அரிசியின் விலை ஆகஸ்டில் டன்னுக்கு 640 டாலரைத் தாண்டி, பதினைந்து ஆண்டுகளில் காணாத உயரத்துக்குப் போனது. மலேசியாவில் இறக்குமதி உரிமையைக் கையில் வைத்திருக்கும் பெர்னாஸ் நிறுவனம், செப்டம்பர் 1 முதல் இறக்குமதி அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்த்தியது. உள்நாட்டு அரிசிக்குக் கிலோ 2 ரிங்கிட் 60 காசு என்று அரசு உச்சவரம்பு வைத்திருந்ததால், மக்கள் எல்லோரும் அதன்பக்கம் திரும்ப, கடைத் தட்டுகளிலிருந்து அது காணாமல் போனது.

மலேசியாவின் கிள்ளானில் வேலை பார்க்கும் மருமகனிடமிருந்து உறுப்பினர் ஒருவருக்கு வந்த அழைப்பை ஒலிபெருக்கியில் கூட்டத்தில் எல்லோரும் கேட்டோம். “மாமா, இங்கே மூணு கடை ஏறி இறங்கிட்டேன், அரிசி இல்லேங்கிறான்.” கொட்டகையில் அடுக்கியிருந்த மூட்டைகளின்மேல் உட்கார்ந்துகொண்டுதான் அவர் இதைக் கேட்டார். சந்தையும் மானியமும் வணிகமும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று அதற்குமேல் விளக்க எனக்கு அன்று எதுவும் இருக்கவில்லை.

இரண்டாவது முடிவும் அதன் பிழையும்

மூன்று வழிகள் பேசப்பட்டன. தடை நீங்கும்வரை காத்திருப்பது ஒன்று. நெல்லாக இருக்கும் பகுதியைப் புழுங்கலாக்கி அனுப்புவது இரண்டு. தடை பச்சரிசிக்கு மட்டுமே என்பதால் இந்த வழி திறந்திருந்தது. எல்லாவற்றையும் உள்ளூரில் விற்பது மூன்று. பச்சரிசியை உள்ளூரில் விற்பது, நெல்லைப் புழுங்கலாக்குவது என்று ஆகஸ்ட் முதல் வாரத்தில் தீர்மானித்தோம். ஏற்றுமதியாளரும் சரி என்றார்.

நெல் அவித்துக் காய்ந்து அரைபட்டு வெளியே வந்த வாரத்தில், ஆகஸ்ட் 25 அன்று, புழுங்கல் அரிசிக்கும் 20 விழுக்காடு ஏற்றுமதி வரி விதிக்கப்பட்டது. ஏற்றுமதியாளர் கேட்ட விலைக்குறைப்பை ஏற்றால் அடக்க விலைக்கும் கீழே போக வேண்டியிருந்தது. பச்சரிசிக்குத் தடை வந்தவுடன் வெளிநாட்டு வாங்குவோர் புழுங்கலுக்குத் திரும்புவார்கள், புழுங்கலின் விலையும் ஏறும், அரசு அங்கேயும் கை வைக்கும் என்பது பின்னால் யோசித்தால் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. அன்று எங்களுக்கு மட்டுமல்ல, புதுவயலில் எங்கள் ஆலைக்காரருக்கும் தெரியவில்லை.

ஆகஸ்ட் இறுதியில் சிங்கப்பூருக்கு 50,000 டன், அக்டோபரில் மலேசியாவுக்கு 1,70,000 டன் என்று அரசுக்கு அரசு என்ற முறையில், தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனத்தின் மூலம், அனுமதி தரப்பட்டது. பெயரில் கூட்டுறவு என்று இருந்ததால் எங்களுக்கு நம்பிக்கை பிறந்தது. விசாரித்ததில், இருபத்து நான்கு டன் வைத்திருப்பவர் நுழையும் வாசல் அது அல்ல என்று தெரிந்தது.

கடைசியில் மூன்றாவது வழிதான். 14 டன் பச்சரிசியைக் காரைக்குடி, தேவகோட்டைக் கடைகளுக்கும் கல்யாணச் சமையல்காரர்களுக்குமாகச் சராசரி 41 ரூபாய்க்கும், 10 டன் புழுங்கலை 40 ரூபாய்க்கும் கார்த்திகைக்குள் விற்று முடித்தோம். பைகள் 26 கிலோ அளவில். 2022 ஜூலை முதல், அடைத்து முத்திரையிட்ட அரிசி 25 கிலோவரை இருந்தால் 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. என்பதால், ஒரு கிலோ கூட்டிக் கட்டுவது எல்லா ஆலையிலும் வழக்கமாகிவிட்டது. வரி வந்த இரண்டே மாதத்தில் அதற்கேற்ற பையைத் தைத்துக்கொண்ட தொழில் இது.

ஒப்பந்தப்படி 10 லட்சத்து 56 ஆயிரம் வர வேண்டிய இடத்தில் 9 லட்சத்து 74 ஆயிரம் வந்தது. அடக்கத்துக்குமேல் நின்ற 86 ஆயிரத்தில் வண்டி வாடகை, புதுப் பை, வட்டி, வண்டு விழுந்து புடைத்த கூலி என்று 50 ஆயிரம் கரைந்தது. முன்பணத்தில் நேராகியிருந்தது போக மீதியை ஏற்றுமதியாளருக்கு இரண்டு தவணையில் திருப்பிக் கொடுத்தோம். இதை நட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் தீபாவளிக்குப் பங்கு வரும் என்று காத்திருந்த 41 வீடுகளில் நட்டம் என்ற சொல்தான் புழங்கியது. தடை இருந்தும் உள்ளூர் விலை சரியாமல் நின்றதால்தான் போட்ட பணமாவது தப்பியது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

கூட்டத்தில் எழுந்த கேள்வி

“விலை கொடுக்கிற அரசாங்கமே எதுக்கு வித்துப் பிழைக்கிற வழியை அடைக்குது?” மார்கழிக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்ட இந்தக் கேள்விக்கு விடை தேடியதில்தான் எங்கள் பார்வை மாறியது.

ஆதார விலையில் வாங்கும் நெல் எங்கோ போய்ச் சேர வேண்டும். அது மத்தியத் தொகுப்புக்குப் போய் ரேஷன் கடைக்கு வருகிறது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. வெளிச் சந்தையில் விலை ஆதார விலையைத் தாண்டி ஏறினால் உழவர் நிலையத்துக்கு நெல் கொண்டுவர மாட்டார், தொகுப்பு நிரம்பாது, கடையில் அரிசி வாங்கும் குடும்பமும் கூச்சலிடும். ஆகவே ஏற்றத்துக்கும் ஓர் எல்லை வேண்டும். ஏற்றுமதி வரியும் தடையும் அந்த எல்லை. தரையைப் போட்டவரே கூரையையும் போடுகிறார். எங்கள் உறுப்பினர்கள் எல்லோருமே ரேஷன் அட்டைதாரர்கள் என்பதால், கூரையின் பயனில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று நான் சொன்னதைக் கூட்டம் அவ்வளவாக ரசிக்கவில்லை.

கணக்கு உள்நாட்டோடு முடிவதும் இல்லை. 1995இல் நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின் வேளாண் உடன்பாட்டின்படி, வளரும் நாடுகள் ஒரு பயிருக்குத் தரும் விலை ஆதரவு அந்தப் பயிரின் மொத்த மதிப்பில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். ஆதரவை அளக்கும் அளவுகோலோ 1986-88ஆம் ஆண்டுகளின் விலை. முப்பது ஆண்டு விலைவாசி ஏற்றத்தைக் கண்டுகொள்ளாத அந்தக் கோலால் அளந்தால் இன்றைய ஆதார விலையின் கணிசமான பகுதி மானியமாகத்தான் தெரியும். 2018-19இல் இந்தியாவின் அரிசி மதிப்பு 4,367 கோடி டாலர், ஆதரவு ஏறத்தாழ 500 கோடி டாலர். வரம்பு மீறியதாக இந்தியாவே தெரிவித்து, 2013 பாலி மாநாட்டில் ஏற்கப்பட்ட சமாதான விதியின் (வரம்பு மீறினாலும் மற்ற நாடுகள் வழக்குப் போடாமல் காக்கும் விதி) பாதுகாப்பைக் கோரியது. அப்படிக் கோரிய முதல் நாடு இந்தியாதான்.

தாய்லாந்தின் பாடமும் கூட்டத்தில் பேசப்பட்டது. 2011இல் அந்த நாட்டு அரசு சந்தை விலையைவிடப் பாதியளவு கூட்டி, டன்னுக்கு 15,000 பாட் வீதம் நெல்லை வாங்கிக் குவித்தது. உலக விலை ஏறும்வரை கிடங்கில் வைத்திருக்கலாம் என்பது எண்ணம். அதே ஆண்டு செப்டம்பரில் இந்தியா தன் பழைய ஏற்றுமதித் தடையை நீக்கியது. 2012இல் ஏற்றுமதியில் முதலிடம் தாய்லாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்தது. 2014இல் தாய்லாந்தின் திட்டம் நின்றுபோனது. ஒருவர் கையை இறுக்கினால் மற்றவர் சந்தைக்குள் நுழைகிறார். நம் தடைக்காலத்தில் அதே இடத்துக்குள் நுழைந்தவர்கள் வேறு நாட்டார்: 2022-23இல் ஏறத்தாழ 1 கோடியே 78 லட்சம் டன்னாக இருந்த இந்தியாவின் பாஸ்மதி அல்லாத அரிசி ஏற்றுமதி, அடுத்த ஆண்டு 1 கோடியே 11 லட்சம் டன்னுக்கு இறங்கியது.

அரிசி விலை விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மண்ணுக்குத் தாய்லாந்தைத் தேட வேண்டியதும் இல்லை. 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் பர்மா நெல்லின் விலை சரிந்தபோது, கடன் திரும்பாமல் கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டிநாட்டு வட்டிக்கடைகளின் கைக்கு வந்து சேர்ந்தது. நிலம் வந்தது, பணம் வரவில்லை.

2024 தை: சூடு கண்ட பூனை

சூடு கண்ட பூனையாக, அடுத்த அறுவடையை முழுவதுமாகக் கொள்முதல் நிலையத்துக்கே கொடுப்பது என்று தீர்மானம் போட்டோம். 2023-24க்கான விலை சன்ன ரகத்துக்கு மத்திய அரசின் 2,203, மாநிலத்தின் 107 சேர்த்து 2,310 ரூபாய், சிப்பத்துக்கு 924.

அந்த ஆண்டு பல இடங்களில் தண்ணீர்ப் பற்றாக்குறையால் விளைச்சல் குறைந்திருந்தது. நிலையம் திறந்த வாரத்திலேயே வியாபாரிகள் களத்துக்கு வந்து 2,450 ரூபாய் என்றார்கள். ஈரம் பார்க்கவில்லை, சாக்கு அவர்களுடையது, பணம் அன்றைக்கே. தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டு 18 பேர் நிலையத்துக்குப் போனார்கள், 23 பேர் களத்தில் விற்றார்கள். விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தரை என்பது விழாமல் தாங்குவதற்கு. சந்தை அதற்குமேல் நிற்கும்போதும் தரையிலேயே படுத்துக்கொள் என்று எழுதிய தீர்மானம்தான் தவறு. முந்தைய அடிக்கு மருந்து போடும் ஆத்திரத்தில் அதை எழுதினோம்.

அதே பருவத்தில் ஓர் உறுப்பினர், நெல்லுக்குப் பதிலாக ஆறு ஏக்கரில் உளுந்து விதைத்தார். உளுந்துக்கும் ஆதார விலை உண்டு, 2023-24இல் குவிண்டாலுக்கு 6,950 ரூபாய். ஆனால் நெல்லுக்கு இருப்பதுபோல ஆறு கிலோமீட்டருக்குள் எடை போடும் நிலையம் உளுந்துக்கு இல்லை. 2021 மே முதல் உளுந்தின் இறக்குமதி தடையின்றித் திறந்துவிடப்பட்டிருப்பதால், பர்மா உளுந்தின் வரத்தே உள்ளூர் விலையைத் தீர்மானிக்கிறது. அந்த ஆண்டு அவருக்கு நல்ல விலை கிடைத்தது. இருந்தும் மற்ற நாற்பது பேரில் எவரும் மறு ஆண்டு அவரைப் பின்பற்றவில்லை. விலையின் உயரத்தைவிட, வாங்குகிறவர் நிச்சயமாக வருவார் என்பதே பயிரைத் தேர்ந்தெடுக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எங்களிடம் இல்லை.

2024 புரட்டாசி முதல் 2025 மாசி வரை

2024 செப்டம்பர் 28 அன்று பச்சரிசித் தடை நீங்கியது. டன்னுக்கு 490 டாலர் என்ற குறைந்தபட்ச ஏற்றுமதி விலை மட்டும் வைக்கப்பட்டு, அதுவும் அக்டோபரில் எடுக்கப்பட்டது. புழுங்கலுக்கான வரி முதலில் 10 விழுக்காடாகி, அதே அக்டோபரில் முற்றிலும் நீங்கியது. பழைய ஏற்றுமதியாளர் மறுபடி வந்தார்.

இம்முறை குழு நான்கு விஷயங்களில் உறுதியாக நின்றது. அறுவடையில் கால் பங்குக்குமேல் ஏற்றுமதிக்கு இல்லை. சரக்கு நெல்லாகவே இருக்கும், கப்பல் நாள் உறுதியான பிறகே அரைப்பது. அறிவிப்போ வரியோ வந்தால் இழப்பு இருவருக்கும் பாதிப் பாதி என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். மிச்சத்தை எங்கே விற்பது என்று உறுப்பினரைக் குழு கட்டுப்படுத்தாது. மூன்றாவதை ஏற்க ஏற்றுமதியாளர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டு, பிறகு ஒத்துக்கொண்டார்.

ஒப்பந்தம் கடைசியில் விலையில் முறிந்தது. 2024-25க்குச் சன்ன ரகத்தின் கொள்முதல் விலை 2,320, ஊக்கத்தொகை 130 சேர்த்து 2,450 ரூபாய். இந்தியா சந்தைக்குத் திரும்பியதும் உலக விலை இறங்கத் தொடங்கி, 2025 தொடக்கத்தில் பல ஆண்டுகளில் காணாத தாழ்வுக்கு வந்திருந்தது. “உங்க ஊர் நெல்லுக்கு அரசாங்கம் கொடுக்கிற விலையைக் கொடுத்தா எனக்குக் கப்பல் கூலியே மிஞ்சாதுண்ணே, ஆந்திராவுல தனியார் களத்து நெல் இதைவிடக் கீழே கிடைக்குது” என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். தடையில்லாத ஆண்டில், ஆதார விலையே எங்கள் நெல்லை வெளிநாட்டுச் சந்தைக்கு எட்டாத விலைக்கு ஏற்றிவைத்தது. எங்கள் வியாபாரி களத்தில் சொன்னது 2,200. மாசிக்குள் பெரும்பகுதி நெல் நிலையத்துக்கே போனது; ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு, ஈரம் தேறாததும் உடனடிப் பணத் தேவையும் காரணமாக, ஆலைக்கும் வியாபாரிக்கும் போனது.

எதை மாற்றிக்கொள்வோம்

நெல்லை அரிசியாக்கும் முடிவை எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளியிருக்க வேண்டும். நெல்லுக்கு நிலையம், வியாபாரி, ஆலை, விதை என்று நான்கு வழி உண்டு. பச்சரிசிக்கு வழி இரண்டு. 2023 ஆடியில் அது ஒன்றாகிவிட்டது. பழகிய அரிசிக்குக் கிடைக்கும் கூடுதல் விலை, உண்மையில் ஆறு மாதக் கொள்கை மாற்றத்தைச் சுமப்பதற்கான கூலி. அந்தக் கூடுதலுக்கு இந்தச் சுமை தகாது.

ஏற்றுமதி வரியை நாங்கள் பார்த்த விதம் தவறு. 2022 செப்டம்பர் வரியைச் செலவாகப் பார்த்தோம், அது எச்சரிக்கை. இப்போது விலைப் பலகையின் வலப்புறத்தில் ஒரு தனிப் பகுதி இருக்கிறது: சில்லறை அரிசி விலை, பருவமழை நிலை, அரிசி தொடர்பான கடைசி அறிவிப்பும் அதன் தேதியும். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் உறுப்பினர் மகள் ஒருத்தி வெள்ளிதோறும் எழுதுகிறாள்.

யூரியா விஷயத்தில் பாதி வெற்றிதான். மூட்டை 266 ரூபாய்க்குக் கிடைக்கும்வரை, குறைத்துப் போடு என்ற பேச்சு யார் காதிலும் ஏறாது. ஆலை கழித்த தொண்ணூறு மூட்டையின் இழப்பை அந்தந்த வயல்காரர் கணக்கில் எழுதிய பிறகு, அவர்களில் ஆறு பேர் மட்டும் மேலுரத்தை இரண்டாகப் பிரித்துப் போடத் தொடங்கியிருக்கிறார்கள். மற்றவர்கள் நிலையத்துக்கே கொடுக்கப்போகிறோம், எங்களுக்கு எதற்கு என்கிறார்கள். அவர்கள் கணக்கிலும் பிழையில்லை.

2025-26 பருவத்துக்குச் சன்ன ரக விலை 2,545 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டதும், பலகையில் சிப்பத்துக்கு 1,018 என்று எழுதப்பட்டது. ஆயிரத்தைத் தாண்டிய முதல் எண். அதே வாரக் கூட்டத்தில், உளுந்து விதைத்தவர் தன் ஆறு ஏக்கரில் நான்கை நெல்லுக்குத் திருப்புவதாகச் சொல்லி விதைக்குப் பெயர் கொடுத்தார். தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பதிவு அது.